தலைகீழ் நிற்கும் கலை

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி செல்லும் சாலையில் வருவோர்க்குத் திருமயம் என்னும் ஊரை முதலில் அறிவிப்பது அதன் கோட்டை. இராமநாதபுரம் சேதுபதி மன்னரால் 1687-ஆம் ஆண்டில் கட்டப்பட்டது அது. அதே குன்றின் தென்புறத்தில் பாறையைக் குடைந்து அமைத்த சத்தியகிரீசுவரர் கோயிலும் சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலும் கோட்டையைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தவை. மதிலின் பகுதிகள் காலத்தால் சிதைந்துள்ளன. தாங்கி நிற்கும் பாறையோ அசையவில்லை. உயர்ந்து நிற்கும் எதைப் பற்றியும் எழவேண்டிய முதற்கேள்வி, அதன் அடியில் என்ன இருக்கிறது என்பதுதான். கட்டடம் எழுப்புவோர் எவரும் மறக்காத இந்தக் கேள்வி, மனித உடலைத் தலைகீழாக நிறுத்தும்போது மட்டும் எளிதில் மறந்துபோகிறது.

ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை 2014 டிசம்பர் 11 அன்று நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, 2015 முதல் ஆண்டுதோறும் ஜூன் 21 பன்னாட்டு யோகா நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளை ஒட்டிப் பள்ளித் திடல்களில் பாய்கள் விரிகின்றன. சூரிய வணக்கமும் மரநிலையும் முடிந்தபின் கூட்டம் எதிர்பார்ப்பது ஒன்றையே: எவரேனும் தலைகீழாக நிற்பார்களா? நின்றுவிட்டால் கைதட்டல் எழுகிறது. அடுத்த நாள் முதல் அதைப் பார்த்த பிள்ளைகள் வீட்டுத் திண்ணையிலும் விடுதி அறையிலும் தாமும் காலை மேலே வீசிப் பார்க்கின்றனர். கற்பித்தவர் யார் என்றால், பெரும்பாலும் கைப்பேசித் திரை.

தலைகீழ் ஆசனங்கள் நல்லவை. முறையாகப் பழகியவர்க்கு அவை தரும் மகிழ்ச்சி வேறு பயிற்சிகளில் எளிதில் கிடைப்பதன்று. பதினாறு, பதினேழு வயதினர் அவற்றைக் கற்பதில் தவறேதும் இல்லை. ஆயினும் கற்கும் வரிசை தலைகீழாகிவிட்டது என்பதே குறை. கடைசியில் வரவேண்டிய சிரசாசனம் முதலில் வருகிறது. முதலில் வரவேண்டிய எளிய நிலைகளோ ‘இதெல்லாம் ஆசனமா?’ என்று ஒதுக்கப்படுகின்றன.

தலையால் நடந்தவரும் சிறையில் நின்றவரும்

தமிழர்க்குத் தலைகீழ் நிலை என்றதும் நினைவுக்கு வரக்கூடியவர் காரைக்கால் அம்மையார். கயிலை மலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்தேறினார் என்று பெரியபுராணம் அவரது வரலாற்றைக் கூறுகிறது. அது பத்தியின் உச்சத்தைக் காட்டும் செயல். உடற்பயிற்சிக்கு அதைச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது. எனினும், உலகை மறுபுறமாகக் காணும் வேட்கை இம்மண்ணில் பழமையானது என்பதற்கு அது போதிய அடையாளம்.

திருமயத்தில் 1887-இல் பிறந்த தீரர் சத்தியமூர்த்தியைப் போலவே விடுதலைப் போராட்டத்தில் சிறைவாழ்வை ஏற்றவர் ஜவகர்லால் நேரு. 1936-இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில் அவர் சிரசாசனம் பழகியதைக் குறிப்பிடுகிறார். உடலுக்கு நல்லது என்று சொல்வதோடு அவர் நிற்கவில்லை. அந்த நிலையில் சற்று வேடிக்கை இருப்பதால் தம் உள்ளத்திற்கு அது உவகை ஊட்டியது என்றும், வாழ்க்கையின் ஏறுமாறுகளைப் பொறுத்துக்கொள்ள உதவியது என்றும் எழுதுகிறார். யோகாசனத்தைப் பற்றிய எழுத்துகளில் அரிதாகக் காணப்படும் நேர்மை இது. நரை மாறும், நோயெல்லாம் தீரும் என்று அவர் சொல்லவில்லை. வேடிக்கையாக இருந்தது, மனம் இலேசாயிற்று என்கிறார்.

இருபதாம் நூற்றாண்டில் ஆசனப் பயிற்சியை உலகறியச் செய்தவர்களுள் முதன்மையானவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். மைசூரில் பல ஆண்டுகள் கற்பித்துப் பின்னர்ச் சென்னையில் வாழ்ந்து, நூறாண்டு கடந்து 1989-இல் மறைந்தவர். அவரிடம் இளமையில் கற்ற பி.கே.எஸ். ஐயங்கார் 1966-இல் வெளியிட்ட ஆங்கில நூல், சிரசாசனத்தை ஆசனங்களின் அரசன் என்றும் சர்வாங்காசனத்தை அன்னை என்றும் போற்றியது. அரசன் என்னும் சொல்லைப் பிடித்துக்கொண்டவர்கள், அதே ஐயங்கார் தோள்களுக்கு அடியில் மடித்த போர்வைகளை அடுக்கச் சொன்னதை மறந்துவிட்டனர். அவரவர் வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்பவே பயிற்சி அமைய வேண்டும் என்று கிருஷ்ணமாச்சாரியார் தம் பிற்காலத்தில் வலியுறுத்தியதும் பலர்க்குத் தெரியாது. அவர் மகன் தேசிகாச்சார் 1976-இல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் ஒருவர்க்கு ஒருவர் என்னும் அம்முறையிலேயே கற்பித்து வந்தது. ஐம்பது பேரை வரிசையாக நிறுத்தி, ஒரே சீழ்க்கைக்கு ஐம்பது தலைகளையும் தரையில் ஊன்றச் செய்யும் முறைக்கு அந்த மரபில் இடமில்லை.

கிடைப்பதும் கிடைக்காததும்

தலைகீழ் நிலையில் உடலுக்குள் நிகழ்வதை ஊருணியைக் கொண்டு விளக்கலாம். ஊருணியின் மேற்பரப்பைவிட அடியில் நீரின் அழுத்தம் மிகுதி. குருதிக்கும் இது பொருந்தும். ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் ஆழத்திற்கு 10 மில்லிமீட்டர் பாதரச அளவு என்ற வீதத்தில் அழுத்தம் கூடுகிறது. நிற்பவரின் கால்களில் அழுத்தம் மிகுந்தும், இதயத்திற்கு மேலுள்ள தலையில் குறைந்தும் இருக்கும். நாள்முழுதும் நின்று பாடம் நடத்தும் ஆசிரியர்க்கும், பேருந்தில் நின்றே ஊர் திரும்பும் மாணவர்க்கும், நடவு வயலில் நிற்கும் உழவர்க்கும் மாலையில் கணுக்கால் கனப்பது இதனாலேயே. காலை இதயத்திற்கு மேலே உயர்த்தினால், சிரைகளில் தேங்கிய குருதி புவியீர்ப்பின் துணையோடு எளிதில் திரும்புகிறது. கால் இலேசாகிறது. இந்தப் பயன் உறுதியானது, உடனே உணரத்தக்கது, இதைப் பெறத் தலையால் நிற்கவேண்டிய தேவையும் இல்லை.

கழுத்தின் இருமருங்கிலும் தமனிச் சுவர்களில் அழுத்தத்தை அறியும் நரம்பு முனைகள் உள்ளன. தலைகீழ் நிலையில் அங்கே அழுத்தம் கூடியதும் அவை மூளைக்குச் செய்தி அனுப்ப, இதயத் துடிப்பு சற்றே தணிகிறது. சுவரோரம் காலை உயர்த்திப் படுத்தவர்க்குச் சில நிமிடங்களில் ஓர் அமைதி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். கைகளாலும் தோள்களாலும் உடலைத் தாங்கப் பழகுவதால் அத்தசைகள் வலுப்பெறுகின்றன. மேல், கீழ், இடம், வலம் என்னும் திசையுணர்வு புதிதாகச் சோதிக்கப்படுவதால் சமநிலை கூர்மை பெறுகிறது. முதன்முறை கால்கள் தரையைவிட்டு எழும்போது வரும் அச்சமும், அது மெல்ல விலகும்போது தோன்றும் சிரிப்பும் தனிப் பயன்கள். தேர்வுக் காலத்தில் குனிந்த முதுகோடு மணிக்கணக்கில் அமரும் பதினொன்றாம் வகுப்பினர்க்கு இவற்றைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் மேடைகளில் சொல்லப்படுவது வேறு. தலைக்குக் குருதி பாய்வதால் மூளை கூடுதல் குருதியைப் பெற்று நினைவாற்றல் பெருகும் என்கின்றனர். மூளை தனக்கு வேண்டிய குருதியின் அளவைத் தானே காத்துக்கொள்ளும் உறுப்பு. அழுத்தம் கூடினால் அதன் நுண்குழாய்கள் சுருங்கியும், குறைந்தால் விரிந்தும் ஓட்டத்தைச் சீராக வைக்கின்றன. தலைகீழாய் நிற்பதால் முகம் சிவக்கலாம், மதிப்பெண் கூடாது. சர்வாங்காசனத்தில் மோவாய் தொண்டையை அழுத்துவதால் தைராய்டு சுரப்பி சீராகும் என்பதும் அத்தகையதே. அச்சுரப்பியை ஆள்வது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி அனுப்பும் இயக்குநீர். வெளியிலிருந்து வரும் அழுத்தம் அதற்குக் கட்டளை இடுவதில்லை. தைராய்டு மாத்திரை உண்பவர் ஆசனத்தை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

அடயோகப் பிரதீபிகை என்னும் வடமொழி நூல், விபரீதகரணியைத் தொடர்ந்து பழகினால் ஆறு மாதத்தில் தோல் சுருக்கமும் நரையும் மறையும் என்கிறது. தலையிலுள்ள நிலவிலிருந்து சொட்டும் அமுதத்தை வயிற்றிலுள்ள கதிரவன் எரித்துவிடுகிறான், உடலைக் கவிழ்த்தால் அமுதம் காக்கப்படும் என்பது அந்நூலார் கண்ட உவமை. உவமையாகப் படித்தால் அது அழகு. நாள்தோறும் சிறிது சிறிதாகவே நேரத்தைக் கூட்டவேண்டும் என்று அதே நூல் அவ்விடத்திலேயே சொல்லும் அறிவுரையோ இன்றும் முழு உண்மை. பழநூலின் உவமையைச் செய்தியாகவும், செய்தியை வெறும் ஒப்புக்காகவும் படித்ததன் விளைவே இன்றைய குழப்பம்.

கழுத்தும் கண்ணும்

கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் உள்ளன. ஏறத்தாழ ஐந்து கிலோ எடையுள்ள தலையைத் தாங்கித் திருப்புவதே அவற்றின் பணி. இடுப்பெலும்புகளைப் போல் பெருத்த உடலைத் தாங்குவதற்கென அவை அமையவில்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நன்கு பழகிய 45 யோகப் பயிற்சியாளர்களைச் சிரசாசனத்தில் நிறுத்தி, தலையின் மீது விழும் விசையை அளந்தனர். உடல் எடையில் 40 முதல் 48 விழுக்காடு வரை தலை தாங்கியது எனக் கண்டனர். 50 கிலோ எடையுள்ள மாணவர்க்கு இக்கணக்கைப் பொருத்தினால் 20 முதல் 24 கிலோ. கடையில் விற்கும் 25 கிலோ அரிசி மூட்டையை நெருங்கும் சுமை. இது நன்கு பழகியவர்களின் கணக்கு. முழங்கையை ஊன்றத் தெரியாத புதியவரின் கழுத்தில் சுமை இதனினும் மிகும். காலை உதைத்து எழும்பும்போது சுமை திடீரென இறங்குகிறது. சாய்ந்து விழுந்தால் பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டு இறங்குகிறது.

தலையில் குடத்தையும் விறகையும் சுமந்த மக்களுக்குக் கழுத்து ஒடிந்தா போயிற்று என்று கேட்பவர் உண்டு. நல்ல கேள்விதான். அவர்கள் சிறுவயது முதல் சிறு சுமையில் தொடங்கிப் பழகியவர்கள். சும்மாட்டின் மேல் சுமையை நேராக வைத்துத் தாங்கியவர்கள். தடுமாறினால் குடத்தைக் கீழே போட்டுவிடும் உரிமை உடையவர்கள். தலைகீழாய் நிற்பவர் தம் உடலையே கீழே போட முடியாது. அப்படியும், ஆயுள்முழுதும் சுமை தூக்கியவர்களின் கழுத்துவலி அவர்தம் வீட்டாருக்குத் தெரியும்.

விழுப்புரத்தின் மல்லர் கம்பப் பிள்ளைகள் மரக்கம்பத்தில் தலைகீழாகத் தொங்கிச் சுழல்வதைக் காட்டி, அவர்கள் செய்யும்போது ஏனையோர் செய்யக்கூடாதா என்று கேட்பதும் உண்டு. அவர்கள் பயிற்றுநரின் கண்காணிப்பில் படிப்படியாகத் தேர்ந்தவர்கள் என்பது ஒருபுறம். தொங்கும்போது கழுத்தின் மீது எடை அமர்வதில்லை, கழுத்து நீள்கிறது என்பது மறுபுறம். இரண்டும் தலைகீழ் நிலைகள்தாம். கழுத்தெலும்புக்கு அவை எதிரெதிரான நிலைகள்.

கண்ணைப் பற்றிய செய்தி தமிழகத்திலேயே கண்டறியப்பட்டது. சென்னைச் சங்கர நேத்ராலயாவைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர்கள் யோகப் பயிற்சியாளர் 75 பேரைச் சிரசாசனத்தில் நிறுத்திக் கண்ணின் உள்ளழுத்தத்தை அளந்து, 2006-இல் முடிவுகளை வெளியிட்டனர். எல்லா வயதினர்க்கும் அழுத்தம் இரு மடங்கானது. நிலையில் இருக்கும்வரை அது குறையவில்லை. அதேவேளையில், தொடர்ந்து பழகிய அக்குழுவினரிடையே கண்ணழுத்த மிகுதி மற்றவரைவிடக் கூடுதலாகக் காணப்படவில்லை என்றும் அவர்கள் எழுதினர். இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். முதற்செய்தியை மட்டும் படிப்பவர் சிரசாசனத்தைத் தடைசெய்யச் சொல்வார். இரண்டாவதை மட்டும் படிப்பவர் கவலையே வேண்டா என்பார். நலமான கண் அந்த அழுத்தத்தைச் சிறிது நேரம் தாங்குகிறது. கண்ணழுத்த நோய் உள்ளவரின் பார்வை நரம்போ முன்பே நலிந்தது; அது மேலும் நலியக்கூடும். நியூயார்க் ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், குனிந்த நாய்நிலை எனப்படும் அதோமுக சுவானாசனத்திலும் கலப்பை நிலையிலும்கூடக் கண்ணழுத்தம் உயர்ந்தது. ஆகவே அந்நோயர்க்குச் சிரசாசனம் மட்டும் விலக்கன்று.

உயர் குருதியழுத்தம், இதய நோய், கழுத்திலோ முதுகிலோ பழைய காயம், விழித்திரைக் கோளாறு, மிகுந்த கிட்டப்பார்வை, காதில் சீழ், அடிக்கடி வரும் கடுந்தலைவலி ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் மருத்துவரைக் கேளாமல் தலைகீழ் நிலைகளில் இறங்கலாகாது. கண்ணாடி அணியும் மாணவர் தம் கண் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நலம். மாதவிலக்கு நாள்களில் இந்நிலைகளைத் தவிர்க்கச் சொல்வது யோக ஆசிரியர்களிடையே உள்ள வழக்கம். அது தீங்கு விளைவிக்கும் என்பதற்கு உறுதியான மருத்துவச் சான்று இல்லை. அந்நாள்களில் களைப்பும் வலியும் உள்ளவர்க்கு ஓய்வே இதம் என்பதும் உண்மை. செய்வதும் விடுவதும் அம்மாணவியின் விருப்பம். அவரைக் காரணம் கேட்டு வரிசையில் நிறுத்துவது பண்பாகாது.

சுவரோரம்

பள்ளியில் கற்பிக்கத்தக்க முதல் தலைகீழ் நிலை சுவரோர விபரீதகரணியே. ஒரு பாயும் ஒரு சுவரும் இதற்குப் போதும். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் அமர்ந்து, மெல்லத் திரும்பிப் படுத்துக்கொண்டே கால்களைச் சுவர்மீது உயர்த்த வேண்டும். பின்தொடை இறுகியவர்கள் இடுப்பைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துக்கொள்ளலாம். கைகள் உடலின் இருபுறமும் தளர்ந்து கிடக்கும். தலையும் தோளும் தரையில் இருப்பதால் கழுத்துக்கு எடை ஏறாது. ஐந்து நிமிடம் இயல்பாக மூச்சுவிட்டுக் கிடந்தால் போதும். விளையாடிக் களைத்து வந்த மாலையில் இதைச் செய்து பார்த்த மாணவர்க்கு வேறு விளக்கம் தேவைப்படாது. பார்ப்பவர்க்கு இதில் காட்சி ஏதும் இல்லை. அதனாலேயே இது மேடை ஏறுவதில்லை.

அடுத்தது சர்வாங்காசனம். இதில் அடுக்கிய விரிப்புகளே பாறை. மூன்று நான்கு ஜமுக்காளங்களைச் சீராக மடித்து அடுக்கி, தோள்களும் மேற்கைகளும் அவற்றின் மீதும் தலை அதனினும் தாழ்ந்த தரையிலும் இருக்குமாறு படுக்க வேண்டும். தோள் உயர்வதால் கழுத்தின் இயல்பான வளைவு நசுங்காமல் காக்கப்படும். உடலின் எடை தோளிலும் மேற்கையிலும் நிற்கவேண்டும். கழுத்தின் பின்புறம் தரையில் அழுந்தினால் அமைப்பு பிழை. உயர்ந்து நிற்கும்போது எவர் அழைத்தாலும் தலையைத் திருப்பலாகாது. இந்த ஒரு விதியைச் சுற்றியிருக்கும் நண்பர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது, ஏனெனில் அழைப்பவர்கள் அவர்கள்தாம்.

தரையையும் கவனிக்க வேண்டும். திருமயத்தைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு வீடுகள் பலவற்றில் ஆத்தங்குடிக் கல் பதித்த தளம் உண்டு. கண்ணுக்கு அழகு, காலுக்குக் குளிர்ச்சி, கோரைப்பாய்க்கோ வழுக்குத்தரை. அத்தகைய தளத்தில் பாயின் ஒரு முனையைச் சுவரோடு முட்டி வைத்தாலன்றி அது நகரும். மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவரோரமும், இரும்புக் கட்டிலின் பக்கமும், கண்ணாடிக் கதவின் முன்னும் தலைகீழ் நிலைகளுக்கு உரிய இடங்கள் அல்ல. உண்டபின் மூன்று நான்கு மணி நேரம் கடந்திருக்க வேண்டும். விடுதி மாணவர்க்குக் காலைச் சிற்றுண்டிக்கு முந்திய பொழுதே வசதி.

சிரசாசனத்திற்கு எப்போது போகலாம்? முழங்கைகளைத் தரையில் ஊன்றி, விரல்களைக் கோத்து, இடுப்பை உயர்த்தி, தலை தரையைத் தொடாமல் ஒரு நிமிடம் நிற்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடியாதவரின் முன்கை இன்னும் தூணாகவில்லை. அவர் தலையை ஊன்றினால் தலையே தூணாகும். முடிந்தவர், பயின்ற ஆசிரியர் அருகில் இருக்க, சுவரோரத்தில், முழங்கால்களை மடித்து மார்போடு சேர்த்து மெல்ல எழப் பழகலாம். காலை உதைத்து எழுவது கூடாது. உதைத்தால்தான் எழ முடிகிறது என்றால் வயிற்றுத் தசையும் தோளும் இன்னும் ஆயத்தமாகவில்லை என்றே பொருள். பல மாதப் பயிற்சிக்குப் பின்னும் சிலர்க்குச் சிரசாசனம் பொருந்தாது. கழுத்து நீண்டு மேற்கை குறுகியவர்க்கு முன்கை தரையை ஊன்றும் முன்பே தலை ஊன்றிவிடும். அது உடலின் அமைப்பு; முயற்சிக் குறைவன்று. அவர்கள் விபரீதகரணியிலேயே நின்றுவிடுவதால் எந்தப் பயனையும் இழப்பதில்லை.

மேடையும் கடிகாரமும்

தலைகீழ் நிலைக்கு நேரப் போட்டி வைப்பது நிறுத்தப்பட வேண்டிய வழக்கம். ஓட்டப் போட்டியில் களைத்தவர் நின்றுவிடலாம். தலைகீழாய் நிற்பவர்க்குக் களைப்பு முதலில் வருவது தோளில். தோள் தளர்ந்ததும் சுமை அரவமின்றிக் கழுத்துக்கு மாறுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு நிலை சற்றும் மாறாததுபோல் தோன்றும். நடுவர் கையிலுள்ள கடிகாரம் அளப்பது அந்த மாற்றத்திற்குப் பின்னுள்ள நேரத்தையும் சேர்த்தே. பரிசு பெறுபவர் மிகுதியாகத் தவறியவராகவும் இருக்கக்கூடும் என்பது விந்தையான போட்டி.

போட்டி இல்லையேல் ஆர்வம் குன்றிவிடும் என்று உடற்கல்வி ஆசிரியர் சிலர் கருதுவர். ஆர்வம் வேண்டும் என்பதில் மறுப்பில்லை. ஏறும் முறையின் நேர்த்திக்கும், இறங்கும் முறையின் நிதானத்திற்கும், அருகிருந்து துணைசெய்யும் திறனுக்கும் மதிப்பெண் தந்தால் ஆர்வமும் வளரும், கழுத்தும் தப்பும். தோழர் ஒருவரின் இடுப்பருகே நின்று, தொடாமலும் விலகாமலும் காத்தல் தனிக்கலை. அதற்கு இதுவரை எந்த மேடையிலும் கைதட்டல் கிடைத்ததில்லை.

ஊர்ப்புறப் பள்ளிகள் பலவற்றில் யோகத்திற்கெனத் தனி ஆசிரியர் இல்லை. அந்நிலையில் கைப்பேசிக் காணொளியை அறவே விலக்கச் சொல்வது நடவாத அறிவுரை. அதைப் பார்க்கும் முறையைக் கற்பிக்கலாம். காணொளியில் நிற்பவர் எத்தனை ஆண்டு பழகினார், விழுந்த காட்சிகளை வெட்டி நீக்கினாரா, எப்படி இறங்கினார் என்னும் கேள்விகளோடு மாணவர் பார்க்க வேண்டும். பெரும்பாலான காணொளிகள் கால் மேலே சென்றதும் முடிந்துவிடுகின்றன. திரையில் இருப்பவர் பார்ப்பவரின் கழுத்தைப் பார்ப்பதில்லை. சிரசாசனத்தைத் திரையிடம் கற்கலாகாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும். சுவரோர விபரீதகரணியை அப்படிக் கற்பதில் இடர் சிறிதே.

இறங்குதல்

மலையேறுவோர்க்கு இறங்குகையில் கால் இடறுவது உண்டு. தலைகீழ் நிலையிலும் அது பொருந்தும். நிலை முடிந்தது என்ற மனத்தளர்ச்சியில் கால்களைத் ‘தொப்’பென்று விடுபவர் பலர். எழுந்த வழியிலேயே, எழுந்ததைவிட மெதுவாக, முழங்கால் மடித்து இறங்க வேண்டும். அதற்கான வலிமை மீதமிருக்கும்போதே இறங்கத் தொடங்க வேண்டும். கழுத்தில் வலி, கையில் மரமரப்பு, கண்முன் மின்னல், காதில் இரைச்சல் இவற்றுள் எது தோன்றினாலும் எண்ணிக்கையை முடிக்கக் காத்திராமல் அப்போதே இறங்குதல் வேண்டும். இறங்கிய பின்னும் அவை தொடர்ந்தால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் செல்ல வேண்டும். தைலம் தேய்த்து மறைப்பது கூடாது.

இறங்கியதும் தலையைத் தூக்கி எழுந்து நின்றால் கிறுகிறுப்பு வரும். கவிழ்ந்திருந்த உடலில் தணிந்த இதயத் துடிப்பு மீண்டும் நிமிர்ந்த நிலைக்கு ஏற்பச் சீராகச் சிறிது நேரம் வேண்டும். ஆகவே சிரசாசனத்திற்குப் பின் மண்டியிட்டுக் குனிந்து நெற்றியைத் தரையில் வைத்துச் சற்று இருந்தபின், மல்லாந்து படுத்துச் சவாசனத்தில் இளைப்பாற வேண்டும். இதைத் தூக்கம் என்று எண்ணி நகைப்பவர்கள், திருமயத்துக் குடைவரையில் அரவணைமேல் பள்ளிகொண்ட பெருமாளின் நிலைக்குத் தமிழ் இட்ட பெயரை நினைக்கலாம். அறிதுயில் என்பது அப்பெயர்: உறங்குவதுபோல் கிடந்தும் அறிவு விழித்திருக்கும் நிலை. கால் விரல் தொடங்கி நெற்றி வரை ஒவ்வோர் உறுப்பாகத் தளர்ந்திருக்கிறதா என்று உள்ளே நோக்கியபடி கிடப்பதே சவாசனம்.

தலைகீழாக நின்ற நேரத்தைவிடக் கிடக்கும் நேரம் குறையலாகாது. மூச்சு தானாக ஆழ்ந்து, முகத்தின் சிவப்பு தணிந்தபின், வலப்பக்கமாக ஒருக்களித்து, இடக்கையை ஊன்றி எழுந்து அமர வேண்டும். தலை கடைசியாக நிமிரட்டும். அதன்பின் பாயைச் சுருட்டி, மடித்த ஜமுக்காளங்களை அடுத்து வருபவர்க்காக அடுக்கி வைக்கலாம்.